பொம்மை ஊரும் நிஜ வதந்தியும்

2011 ஏப்ரலில் அமேசானில் ஒரு புத்தகத்தின் விலை 2,36,98,655 டாலர் 93 சென்ட்டைத் தொட்டது. தபால் செலவு 3.99 டாலர் தனி. அன்றைய மதிப்பில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வரும். அரிய சுவடியோ, அரசர் கையெழுத்துப் போட்ட பிரதியோ என்று நினைக்க வேண்டாம். ஈயின் கரு எப்படி வளர்கிறது என்று பீட்டர் லாரன்ஸ் என்ற உயிரியலாளர் எழுதி 1992-ல் வெளிவந்த நூல் அது. அதே புத்தகத்தின் பழைய பிரதி, அதே பக்கத்தில், 35 டாலர் சொச்சத்துக்குக் கிடைத்தது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளரின் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பிரதி தேவைப்பட்டபோதுதான் இது கண்ணில் பட்டது. புதுப் பிரதி விற்பதாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். முதல் நாள் பார்த்தபோது ஒருவர் 17 லட்சம் டாலர் கேட்டார், இன்னொருவர் கிட்டத்தட்ட 22 லட்சம். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்த ஐசன், தினமும் விலையைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். சில நாள்களில் சூத்திரம் பிடிபட்டுவிட்டது. முதல் கடைக்காரரின் மென்பொருள், எதிராளியின் விலையைப் பார்த்து அதில் 0.9983 மடங்கைத் தன் விலையாக வைக்கிறது. இரண்டாமவரின் மென்பொருள், முதலாமவரின் விலையை 1.270589-ஆல் பெருக்கிக்கொள்கிறது.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே புத்திசாலித்தனமான ஏற்பாடுகள். முதலாமவரிடம் சரக்கு இருக்கிறது. போட்டியாளரைவிட ஒரு துளி குறைவாக வைத்தால் விற்றுவிடலாம். இரண்டாமவரிடம் சரக்கே இருந்திருக்காது என்பது ஐசனின் ஊகம். யாராவது ஆர்டர் போட்டால் முதலாமவரிடம் வாங்கி அனுப்ப வேண்டும், எனவே அந்த விலைக்கு மேல் ஒரு லாபம் வைத்துக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் விலை சுமார் 27 சதவிகிதம் ஏறும். நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், 100 டாலரில் தொடங்கினாலும் இரண்டு மாதத்துக்குள் இரண்டு கோடி டாலரைத் தாண்டிவிடும். உச்சத்தைத் தொட்ட மறுநாள் யாரோ கவனித்திருக்க வேண்டும், விலை 106 டாலருக்கு இறங்கியது.

சுற்றிலும் நடப்பதைப் பார்த்து, தனக்குத் தரப்பட்ட விதிப்படி தானே முடிவெடுத்து, யாரும் விரல் வைக்காமலே வேலை செய்கிற இப்படிப்பட்ட நிரலைக் கணினித் துறையில் 'ஏஜென்ட்' என்கிறார்கள். ஒரு ஏஜென்ட்டைப் புரிந்துகொள்வது பெரும்பாலும் சுலபம். பத்து ஏஜென்ட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் யாருக்கும் முன்கூட்டிப் புலப்படுவதில்லை. 2010 மே 6 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் டவ் ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் கிட்டத்தட்ட 1,000 புள்ளிகள் விழுந்து, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மீண்டும் எழுந்ததும் இந்த ரகம்தான். 75,000 ஒப்பந்தங்களைத் தானாக விற்கும்படி விடப்பட்ட ஒரு நிரலும், நொடிக்குள் வாங்கி விற்கும் மற்ற நிரல்களும் சேர்ந்து கட்டிய கூத்து அது என்று ஒழுங்குமுறை அமைப்புகளின் அறிக்கை பின்னர் சொன்னது.

அமேசானிலும் சந்தையிலும் தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே கணினிக்குள் நடத்திப் பார்ப்பது ஒரு முழு ஆராய்ச்சித் துறை. ஆயிரக்கணக்கான, சில சமயம் கோடிக்கணக்கான ஏஜென்ட்டுகளை ஒரு செயற்கை ஊரில் குடிவைத்து, ஆளுக்கொரு சின்ன விதியைக் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பது. தொற்றுநோயும் வதந்தியும் தேர்தலும் இப்போது இந்தப் பொம்மை ஊர்களில் ஒத்திகை பார்க்கப்படுகின்றன. ஒத்திகையில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதற்கு இந்தத் துறையின் 50 வருடக் கதையில் நல்ல தடயங்கள் இருக்கின்றன.

காசும் கட்டமும்

இந்தத் துறையின் ஆரம்ப ஆய்வுகளில் ஒன்றுக்குக் கணினியே தேவைப்படவில்லை. நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டு கட்டம் போடுங்கள். ஒரு ரூபாய்க் காசு, ஐந்து ரூபாய்க் காசு இரண்டிலும் இருபது இருபது எடுத்துக் கலந்து கண்டபடி பரப்புங்கள். மீதிக் கட்டங்கள் காலி. இப்போது விதி: ஒரு காசைச் சுற்றியுள்ள காசுகளில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கும் குறைந்தால் பக்கத்தில் திருப்தியான காலி இடம் பார்த்துக் குடிபோகும்.

எவ்வளவு தாராளமான காசு என்று பாருங்கள். ஆறு அண்டை வீட்டாரில் நான்கு பேர் வேற்றினம் என்றாலும் அதற்குச் சம்மதம். தன் இனம் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்றுகூட அது கேட்கவில்லை. ஆனாலும் நகர்த்த நகர்த்த, ஒரு ரூபாய்கள் ஒரு பக்கமும் ஐந்து ரூபாய்கள் இன்னொரு பக்கமுமாகத் திட்டுத்திட்டாகப் பிரிந்துவிடும். ஒரு காசு கிளம்பினால், அது விட்டுப்போன இடத்தில் அதன் இனத்தானுக்கு ஒரு துணை குறைகிறது; அவனும் கிளம்புகிறான். அது போய்ச் சேர்ந்த இடத்தில் மற்ற இனத்தானுக்கு ஒரு அந்நியன் கூடுகிறான். அவனும் யோசிக்க ஆரம்பிக்கிறான். யாருமே கேட்காத பிரிவினை, எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியதாக முடிகிறது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் இதைத்தான் செய்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அமெரிக்க நகரங்களில் ஏன் இப்படித் தனித்தனிப் பேட்டைகளில் வாழ்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. மகன் சேர்த்துவைத்திருந்த நாணயங்களை எடுத்து மேசையில் பரப்பி நகர்த்திப் பார்த்தார் என்பது அவரே சொன்ன கதை. 1971-ல் விரிவான கட்டுரை வந்தது. 2005-ல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் ராபர்ட் ஆவ்மனுக்கும் கிடைத்தது. பரிசு ஆட்டக் கோட்பாட்டுக்கு. ஆனால் ஷெல்லிங் பெயரைச் சொன்னால் இன்றைக்குக் கணினி மாணவருக்கு நினைவு வருவது அந்தக் காசுகள்தான்.

ஷெல்லிங்குக்குச் சில மாதங்கள் முன்பு, அதே ஆய்விதழின் அதே முதல் தொகுதியில், ஏறக்குறைய இதே யோசனையோடு ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் ஜேம்ஸ் சகோடா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய முகம் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு லட்சத்துக்கும் அதிகமானவர்களை முள்வேலி முகாம்களில் அடைத்ததே, அதில் சகோடாவும் ஒருவர். டூலி லேக், மினிடோகா முகாம்களில் இருந்தபடியே, பெர்க்லி பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றுக்காக, சக கைதிகள் எப்படிக் கூடுகிறார்கள், எப்படிப் பிரிகிறார்கள் என்று குறிப்பெடுத்தார். 1949-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலேயே சதுரங்கப் பலகை மாதிரிக்கு வித்து இருக்கிறது. ஷெல்லிங்கின் மாதிரியைவிட இவருடையது விரிவானது. ஒரு குழு மற்றொன்றைத் தேடுவதும் வெறுப்பதும் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதில் உண்டு. காகித மடிப்புக் கலையிலும் அவர் கெட்டிக்காரர், ஓரிகாமி பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 2005 ஜூனில் இறந்துபோனார். ஷெல்லிங்குக்கு நோபல் அறிவிப்பு வந்தது அதே ஆண்டு அக்டோபரில். சகோடாவுக்கு உரிய இடத்தைத் துறைக்காரர்கள் இப்போதுதான் பேசுகிறார்கள்.

ஷெல்லிங்கின் காசுகளை எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். லேசான விருப்பமே பிரிவினைக்குப் போதும் என்றுதான் அந்த மாதிரி காட்டுகிறது. அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது என்று அது சொல்லவில்லை. அங்கே 1930-களிலேயே கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக அடையாளமிட்டு வீட்டுக்கடன் மறுத்தார்கள். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது. நம்மூரில் ஊர், சேரி என்று இருப்பதை இந்தக் காசுகளை வைத்து விளக்கப் புறப்படுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எந்தக் காசும் தானாக விலகி உட்காரவில்லை, நகரவிடாமல் பிடித்துவைத்திருந்தார்கள். மாதிரியில் இல்லாத பலாத்காரத்தை மாதிரி எப்படிக் காட்டும்?

கணினிக்குள் ஒரு நகரம்

காசு கணினிக்குள் போனதும் வேகம் பிடித்தது. 1987-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினிக்கலைஞர் பறவைக் கூட்டத்தை வெறும் மூன்று விதிகளில் கொண்டுவந்தார்: பக்கத்துப் பறவையோடு மோதாதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. தலைவன் இல்லாமலே கூட்டம் வளைந்தது, பிரிந்தது, சேர்ந்தது. 1992-ல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் வௌவால் கூட்டம் அந்த வழியில் பிறந்ததுதான். 1996-ல் ஜோஷுவா எப்ஸ்டைன், ராபர்ட் ஆக்ஸ்டெல் இருவரும் 'சுகர்ஸ்கேப்' என்று ஒரு சர்க்கரை நிலத்தை உருவாக்கினார்கள். சர்க்கரையைத் தேடித் தின்று வாழும் எளிய ஏஜென்ட்டுகள். கொஞ்ச நேரத்தில் சிலரிடம் செல்வம் குவிந்து, பலர் பரதேசியானார்கள்.

அதே குழுவினர் அடுத்து ஒரு நிஜ ஊரைக் கையில் எடுத்தார்கள். அரிசோனாவில் லாங் ஹவுஸ் பள்ளத்தாக்கு. பல நூற்றாண்டுகள் மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்த பழங்குடி மக்கள் கி.பி. 1300-ஐ ஒட்டி மொத்தமாகக் காலி செய்துவிட்டுப் போனார்கள். வறட்சிதான் காரணம் என்பது பொதுவான விளக்கம். பழைய மழை, மண், விளைச்சல் விவரங்களைத் திரட்டி, குடும்பத்துக்கு ஓர் ஏஜென்ட் வைத்து ஓட்டினார்கள். மக்கள்தொகையின் ஏற்ற இறக்கம் அகழாய்வோடு ஓரளவு ஒத்துப்போனது. ஆனால் கடைசிக் காட்சி ஒத்துப்போகவில்லை. கணினிப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு கூட்டம் வறட்சியையும் தாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது. நிஜத்தில் ஒருவரும் இல்லை. ஆக, சோற்றுக்கு வழியில்லாமல் மட்டும் அவர்கள் போகவில்லை. உறவோ சடங்கோ அரசியலோ வேறு ஏதோ ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது. மாதிரி தோற்றுப்போன இடத்தில்தான் கேள்வி பிறந்தது.

2020-ல் இந்த மாதிரிகள் திடீரென்று நடுவீதிக்கு வந்தன. மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நீல் ஃபெர்குசன் குழு வெளியிட்ட அறிக்கை, யாரும் எதுவும் செய்யாமல் விட்டால் பிரிட்டனில் 5,10,000 பேர் கொரோனாவில் இறக்கலாம் என்றது. ஒரு வாரத்தில் பிரிட்டன் ஊரடங்குக்குள் போனது. பின்னால் அவ்வளவு பேர் சாகவில்லையே, ஜோசியம் பொய்த்துவிட்டதே என்று கேலி பேசினார்கள். 'எதுவும் செய்யாமல் விட்டால்' என்ற வார்த்தைகள் அதற்குள் எல்லோருக்கும் மறந்திருந்தன.

அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இரண்டு நகரங்களையும் கணினிக்குள் கட்டின. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஏஜென்ட்டுகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வயது, ஒரு வீடு, பள்ளி அல்லது வேலையிடம், போய்வரும் தூரம். மும்பை மாதிரியில் குடிசைப் பகுதிக்குத் தனிக் கணக்கு. அங்கே ஒருவர் இன்னொருவரிடமிருந்து ஒதுங்கி நிற்க இடம் ஏது? புறநகர் ரயிலைத் திறந்தால் என்ன ஆகும் என்று அதில் ஓட்டிப் பார்த்தார்கள். குடிசைக்குத் தனிக் கணக்கு போட்டது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஜூலையில் மூன்று வார்டுகளில் எடுத்த ரத்தப் பரிசோதனை காட்டியது. குடிசைப் பகுதிகளில் 57 சதவிகிதம் பேருக்கு நோய் வந்துபோன அடையாளம், மற்ற இடங்களில் 16 சதவிகிதம். அதே வார்டுகளுக்குள்ளேயே. சராசரி மனிதன் என்று ஒருவனை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இந்தப் பிளவு கண்ணுக்கே தெரிந்திருக்காது. சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுநாள் பணியாற்றிய கௌதம் மேனன், பின்னர் அசோகா பல்கலைக்கழகத்தில் 'பாரத்சிம்' என்று இந்தியாவுக்கான ஒரு ஏஜென்ட் தளத்தை உருவாக்கும் முயற்சியை முன்னெடுத்தார்.

வதந்தியின் கால்கள்

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துகிறவர் என்று எண்ணி ஊரே கூடி அடித்ததில் இறந்துபோனார். வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் தகவல் அப்போது மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாட்டின் வேறு பல இடங்களிலும் இப்படிக் கொலைகள் நடந்தன. ஜூலையில் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் போனது.

ஐந்து என்ற அந்த வரம்பு வேலை செய்யுமா? பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபாப்ரீசியோ பெனவெனூட்டோ, கிரண் கரிமெல்லா உள்ளிட்ட குழு 2019-ல் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தது. வாட்ஸ்அப் உரையாடல் பூட்டிய பெட்டி. நிறுவனமே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. எனவே இந்தியா, பிரேசில், இந்தோனேசியா மூன்று நாடுகளிலும் யாரும் சேரக்கூடிய பொது அரசியல் குழுக்களில் சேர்ந்து, யார் எத்தனை குழுவில் இருக்கிறார், ஒரு படம் எவ்வளவு நேரத்தில் குழுவிட்டுக் குழு தாண்டுகிறது என்று அளந்தார்கள். அந்த வலைப்பின்னலில், தொற்றுநோய்க்குப் போடும் அதே கணக்கைப் போட்டார்கள். கேட்காதவர், கேட்டும் பரப்பாதவர், பரப்புகிறவர் என்று மூன்று வகை. முடிவு இரண்டு விதமாக இருந்தது. வரம்பைக் குறைத்தால் தகவல் பரவும் வேகம் மிகவும் குறைகிறது. ஆறப்போட்டால் செத்துப்போகும் தகவல் பல, வழியிலேயே செத்துவிடும். ஆனால் கேட்டவரெல்லாம் பரப்பத் துடிக்கிற ரகம் என்றால் வரம்பு அதைத் தாமதிக்கும், நிறுத்தாது. கடைசியில் வலைப்பின்னல் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளை பிடிக்கிறான் என்ற செய்தியைவிடப் பரப்பத் துடிக்கவைக்கும் செய்தி வேறு எது?

பரப்புவது யார் என்ற கேள்விக்கு 2018 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் வந்த பதில் பலருக்கும் கசந்தது. எம்.ஐ.டி.யின் சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினான் ஆரல் மூவரும் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 வதந்திச் சங்கிலிகளை எடுத்தார்கள். ஏறக்குறைய 30 லட்சம் பேர் 45 லட்சம் தடவைக்கு மேல் பகிர்ந்தவை. உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவிகிதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. ஆஹா, எல்லாம் பாட்கள் என்னும் தானியங்கிக் கணக்குகளின் வேலை என்று கை காட்டலாமே? அவற்றைக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டும் பார்த்தார்கள். பாட்கள் உண்மையையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தள்ளியிருந்தன. பொய்க்கு முன்னுரிமை கொடுத்தவர்கள் மனிதர்கள்.

25 பேர் ஊர்

பழைய ஏஜென்ட்டுகளுக்கு ஊமை வாழ்க்கை. 2023-ல் அவை வாய் திறந்தன. ஸ்டான்ஃபோர்டில் ஜூன் சங் பார்க் என்ற ஆய்வு மாணவரும், கூகுளைச் சேர்ந்த சிலர் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் 'ஸ்மால்வில்' என்று ஒரு ஊர் கட்டினார்கள். பழைய வீடியோ கேம் போல மேலிருந்து பார்க்கும் சின்ன ஊர். வீடுகள், கல்லூரி விடுதி, மளிகைக் கடை, மதுக்கடை, ஹாப்ஸ் கஃபே என்ற காபிக் கடை. குடியிருப்பவர்கள் 25 பேர். ஒவ்வொருவருக்கும் பின்னால் சாட்ஜிபிடி-யை இயக்கிய மொழி மாதிரி ஒன்று. பார்த்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைக்க ஒரு நினைவேடு. அவ்வப்போது அதைப் புரட்டி 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று யோசிக்க ஒரு பழக்கம். மறுநாளைக்கு ஒரு திட்டம்.

காபிக் கடை நடத்தும் இசபெல்லா என்ற ஏஜென்ட்டுக்கு ஒரு யோசனையை ஊட்டினார்கள்: காதலர் தினத்தன்று ஒரு விருந்து வைக்க வேண்டும். மற்றதெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டது. அவள் வருவோர் போவோரிடம் சொன்னாள். அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். மரியா என்ற மாணவிக்கு கிளாவுஸ் மீது ஒரு கண். அவனை விருந்துக்குக் கூப்பிட்டாள். இரண்டு நாள் முடிவில் 25 பேரில் 13 பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அழைக்கப்பட்டவர்கள் 12 பேர். வந்தவர்கள் ஐந்து பேர். வராத ஏழு பேரைப் பேட்டி எடுத்தார்கள். மூன்று பேருக்கு வேறு வேலை. மீதி நான்கு பேர் 'வரணும்னுதான் இருந்தேன்' ரகம், ஆனால் அன்றைய திட்டத்தில் விருந்தையே எழுதிக்கொள்ளவில்லை. இதைப் படித்தபோது நம்ம ஜனம் என்று சிரிப்பு வந்தது.

சொதப்பல்களையும் அந்தக் கட்டுரை மறைக்காமல் எழுதியது. அவைதான் எனக்கு இன்னும் சுவை. விடுதியின் குளியலறையில் ஓர் ஆள் உள்ளே இருக்கும்போதே இன்னோர் ஆள் நுழைந்தார். விடுதி என்றால் குளியலறையில் பலர் இருக்கலாம் என்று மொழி மாதிரிக்கு நினைப்பு. ஐந்து மணிக்குச் சாத்திய கடைக்குள் சிலர் சாவகாசமாகப் போனார்கள். பகல் சாப்பாட்டுக்கு மதுக்கடையைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. கணவனும் மனைவியும் ஏதோ அலுவலகக் கடிதம் போல மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். இந்த இரண்டு நாள் ஊரை ஓட்ட நிஜத்தில் பல நாள்களும் ஆயிரக்கணக்கான டாலரும் ஆயின.

2024 நவம்பரில் பார்க் குழுவினர் கற்பனை ஆள்களை விட்டு நிஜ ஆள்களுக்குப் போனார்கள். 1,052 அமெரிக்கர்களை ஆளுக்கு இரண்டு மணி நேரம் பேட்டி கண்டு, அந்தப் பேட்டியை மொழி மாதிரிக்குக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் ஏஜென்ட் செய்தார்கள். பிறகு நிஜ ஆளிடமும் நகலிடமும் ஒரே சமூகக் கணிப்புக் கேள்விகளைக் கேட்டார்கள். மனிதர்கள் இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் தாங்களே முன்பு சொன்னதை மாற்றிச் சொல்வார்கள் அல்லவா, அந்தத் தடுமாற்றத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் நகல் 85 சதவிகிதம் பொருந்தியது. கருத்துக் கணிப்பு நிறுவனங்களும் விளம்பரக்காரர்களும் நாக்கைச் சப்புக்கொட்டும் எண் இது.

எனக்கு ஒரு சந்தேகம், அதைச் சொல்லும் முன் இன்னோர் ஆய்வு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மைக் லாரோய், பெட்டர் டோர்ன்பெர்க் இருவரும் 2025-ல் ஒரு குட்டிச் சமூக வலைதளம் செய்தார்கள். மொழி மாதிரியில் ஓடும் 500 ஏஜென்ட்டுகள். பதிவு போடலாம், பகிரலாம், ஒருவரைப் பின்தொடரலாம், அவ்வளவுதான். எதை மேலே காட்டுவது என்று ஆளைப் பார்த்து முடிவுசெய்யும் அல்காரிதம் கிடையாது. அப்படியிருந்தும் அவரவர் கட்சிக்காரர்கள் அவரவர் கூடாரத்தில் அடைந்தார்கள். சில கணக்குகளுக்கே எல்லாக் கவனமும் போனது. தீவிரமாகப் பேசியவர் குரல் உயர்ந்தது. சரிசெய்ய ஆறு வழி முயன்றார்கள். எதுவும் பெரிதாக உதவவில்லை. பதிவுகளை நேர வரிசைப்படி காட்டியபோது கவனம் கொஞ்சம் பரவலானது, ஆனால் தீவிரக் குரல்கள் இன்னும் மேலே வந்தன. அல்காரிதத்தைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று பேசும் எனக்கும் உங்களுக்கும் இது நல்ல குட்டு.

ஆனால் அந்த 500 ஏஜென்ட்டுகளும் பேசும் மொழி எங்கிருந்து வந்தது? இணையத்திலிருந்து. ட்விட்டர் சண்டைகளையும், ட்விட்டர் சண்டைகளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளையும் விழுங்கித்தான் மொழி மாதிரிகள் வளர்ந்திருக்கின்றன. அவை சமூக வலைதளத்தில் விட்டதும் கட்சி பிரிந்தால், அது அந்த அமைப்பின் விளைவா, அல்லது அவை ஏற்கெனவே படித்துவைத்த கதையை நடித்துக்காட்டுகின்றனவா? ஷெல்லிங்கின் காசு செய்தித்தாள் படித்ததில்லை. அதற்குள் ஒரே ஒரு விதி; விளைவு அந்த விதியிலிருந்துதான் வந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடியும். புதிய ஏஜென்ட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று செய்தவர்களுக்கே முழுக்கத் தெரியாது. மனிதரைப் போலவே பேசுகிறது என்பதால் நாம் அதை நம்பத் தலைப்படுகிறோம். காரணம் காட்ட வேண்டிய இடத்தில் சாயலைக் காட்டித் தப்பித்துவிடுகிறது. வளைத்து வளைத்துப் பேசும் 500 ஏஜென்ட்டுகளைவிட, ஒரே விதி வைத்திருக்கும் 40 காசுகளிடம் நான் அதிகம் கற்றுக்கொள்கிறேன்.

உள்ளே இருப்பவர், வெளியே நிற்பவர்

வெளி ஆய்வாளர்கள் குட்டி வலைதளம் செய்துகொண்டிருக்க, உள்ளே இருப்பவர்களுக்கு நிஜ வலைதளமே சோதனைக்கூடம். 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேரின் ஃபீடில் சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குச் சோகமான பதிவுகளையும் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. மாற்றம் மிகச் சிறியது. 2014-ல் ஆய்வு வெளியானதும் எழுந்த கோபம் பெரியது. அவர்களில் யாரிடமும் தனியாக அனுமதி கேட்கவில்லை. 2020-ல் அதே நிறுவனம் வேறு ஒன்றை அறிவித்தது. மார்க் ஹார்மன் தலைமையிலான பொறியாளர்கள், ஃபேஸ்புக்கின் நிஜ மென்பொருளின் மேலேயே, நிஜப் பயனர்களின் கண்ணில் படாத ஒரு பகுதியில், பாட்களை உலவவிட்டார்கள். சில பாட்கள் ஏமாற்றுக்காரர் வேடம் போட்டன, சில ஏமாறுகிறவர் வேடம். புதிய தடுப்பு ஒன்றைச் சேர்த்தால் ஏமாற்றுக்காரர் எந்தச் சந்தில் புகுவார் என்று முன்கூட்டியே பார்க்கலாம். சிறுத்த வலை என்ற பொருளில் அதற்கு 'டபிள்யூ.டபிள்யூ.' என்று பெயர் வைத்தார்கள். ஏஜென்ட், சிமுலேஷன், சமூக வலைதளம் மூன்றும் ஒரே கூரையில் வந்த இடம் அது.

கல்விக்கூடத்து ஆய்வாளர்களும் எப்போதும் அனுமதி கேட்கவில்லை. 2025 ஏப்ரலில் வெளிவந்த விஷயம்: ஜூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் ரெடிட் தளத்தின் விவாதக் குழு ஒன்றில் மொழி மாதிரி பாட்களை மனிதர் வேடத்தில் இறக்கி, 1,700-க்கு மேற்பட்ட பின்னூட்டங்கள் இட்டு, மனிதர் மனதை மாற்ற முடிகிறதா என்று சோதித்திருந்தார்கள். ஒரு பாட் மனவடு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டது, இன்னொன்று தன்னைக் கறுப்பின ஆணாகக் காட்டிக்கொண்டது. குழுவில் இருந்த யாருக்கும் தெரியாது. எதிர்ப்புக்குப் பிறகு ஆய்வை வெளியிடப் போவதில்லை என்றார்கள்.

நேர்மையான வழியில் வருகிறவருக்கோ கதவுகள் சாத்தப்பட்டன. வொசூகி குழு பயன்படுத்திய மாதிரியான ட்விட்டர் தரவுக்கு ஆய்வாளர்களுக்கு இருந்த இலவச வழி 2023-ல் மூடப்பட்டது. ஃபேஸ்புக்கில் எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் பார்த்துவந்த 'கிரவுட்டாங்கிள்' கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் தன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி, பெரிய தளங்களின் உள் தரவை ஆய்வாளர்கள் கேட்டுப் பெறும் விதிகளை 2025 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே ஓர் ஆய்வாளர், ஒரு பெரிய தளத்தில் மாற்றம் செய்தபின் பரவல் எவ்வளவு குறைந்தது என்று அறியத் தரவு கேட்டு விண்ணப்பம் போடலாம், அது ஏற்கப்பட்டால் நிறுவனம் தரவைத் தர வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லை. வாட்ஸ்அப்புக்கு உலகிலேயே அதிகப் பயனர்கள் உள்ள நாடு இது. அந்தப் பயனர்களிடையே அடுத்த வதந்தி எப்படி ஓடும் என்று கணக்குப் போட நினைப்பவர், 2019-ல் பெனவெனூட்டோ குழு செய்ததைப் போல, கதவு திறந்திருக்கும் பொதுக் குழுக்களில் சேர்ந்து, கண்ணில் பட்டதைச் சேகரித்துத்தான் இன்றும் தொடங்க வேண்டியிருக்கிறது.